ராஜாக்களின் ஒயின்

மதுவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் முகத்தைச் சுளித்துக்கொள்ளாதீர்கள், நேயர்களே! உங்களைக் குடிக்கச் சொல்லப் போவதில்லை. ஒரு தகப்பனாருக்கும் பிள்ளைக்கும் மூண்ட சண்டையைச் சொல்லத்தான் இந்தப் பீடிகை.

இத்தாலியின் வடமேற்கு மூலையில் பீட்மாண்ட் என்று ஒரு பிரதேசம். அங்கே லாங்கே குன்றுகளின் நடுவே பரோலோ என்ற சிற்றூர் இருக்கிறது. அதுவும் அக்கம்பக்கத்து ஊர்கள் பத்தும் சேர்ந்து தரும் சிவப்பு ஒயினுக்கும் பரோலோ என்றே பெயர். 'ஒயின்களின் ராஜா, ராஜாக்களின் ஒயின்' என்று அந்த ஊர்க்காரர்கள் மார்தட்டிக் கொள்வார்கள்.

இதற்கான திராட்சை நெபியோலோ. 'நெபியா' என்றால் மூடுபனி. மற்றத் திராட்சைகள் கூடைக்கு வந்து சேர்ந்த பிறகு, குன்றுகளில் பனி இறங்கும் அக்டோபர் மாதத்தில் இது சாவகாசமாகப் பழுக்கும். அதனால் வந்த பெயர் என்கிறார்கள்.

நிறத்தைப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். வெளிறிய சிவப்பு; நாளானால் செங்கல் நிறம். ரோஜாவும் தாரும் கலந்த வாசனை என்கிறார்கள் ரசிகர்கள். ரோஜா சரி, ரோடு போடுகிற தாருமா? அதேதான்! வாயில் வைத்தாலோ, பாக்கு மென்றாற்போல நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. அது அடங்கக் காலம் வேண்டும். ஆகவே சட்டமே பொறுமையை விதித்திருக்கிறது: குறைந்தது 38 மாதங்கள் வைத்திருக்க வேண்டும், அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில். 'ரிசர்வா' ரகத்துக்கோ 62 மாதங்கள்!

பெயர்தான் ராஜா, பயிரிட்டவர்கள் பரம ஏழைகள். பிள்ளைகள் பலர் டூரின் நகரத்து மோட்டார் தொழிற்சாலைக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள். ஊரிலேயே தங்கிய எலியோ அல்தாரே என்ற இளைஞர், பிரான்ஸின் பர்கண்டிக்குப் போய், அங்குள்ளோர் சிறு பீப்பாய்களில் ஒயின் வைத்துச் செழிப்பதைப் பார்த்து வந்தார். 1983-ல் இயந்திர ரம்பத்தை எடுத்து, தகப்பனாரின் பழைய பெரிய பீப்பாய்களை அறுத்துத் தள்ளினார்! பழம் தரமாக வரட்டும் என்று பச்சைக் குலைகளில் பாதியை வெட்டி எறிந்தார். விளைச்சலை எறிவது பாவமல்லவா? மகனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டிய தகப்பனார், அவருக்குச் சொத்தில்லை என்று எழுதிவிட்டு, மனம் மாறாமலே கண்ணை மூடினார்.

ஊரும் இரண்டு பட்டது. 2005-ல் காலமான பார்த்தோலோ மஸ்கரெல்லோ என்ற பெரியவர், சிறு பீப்பாயும் வேண்டாம், பிரதமர் பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று சீசாவின் லேபிலிலேயே எழுதி ஒட்டினார்!

இன்று அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டது. பெரிய பீப்பாய்கள் பல வீடுகளுக்குத் திரும்பி வந்துவிட்டன. இளைஞர்கள் கொண்டு வந்த சுத்தமும், குலை குறைத்துத் தரம் கூட்டும் வழக்கமும் நிலைத்துவிட்டன. இரு தரப்பிலும் நியாயம் இருந்திருக்கிறது. தகப்பனார் இருந்து அதைப் பார்க்கவில்லை என்பதுதான் குறை.