தமிழை நீக்கினால்தான் விளையாட்டு ஓடுமா?

கணினி விளையாட்டில் விசைகள் வேலை செய்யவில்லை, தொடங்கியதும் திரை கறுத்துத் தானாகவே மூடிக்கொள்கிறது என்று தமிழ்ப் பயனீட்டாளர் ஒருவர் விவரம் தெரிந்தவரிடம் போனால், பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: தமிழ் விசைப்பலகையை எடுத்துவிடு, கணக்கின் பெயரை ஆங்கிலத்தில் வை. இந்த வைத்தியம் பலிக்கிறது என்பதுதான் சிக்கல். பலித்துவிடுவதால், நோய் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. தமிழில் தட்டச்சு செய்ததுதான் தவறு என்ற எண்ணத்தோடு வீட்டுப் பிள்ளை வளர்கிறான். தவறு அவனுடையதும் அல்ல, விசைப்பலகையுடையதும் அல்ல. விளையாட்டை எழுதியவர்கள் செய்யாமல் விட்ட வேலை அது. அதைச் செய்யச் சொல்லிக் கேட்கும் உரிமை, காசு கொடுத்து வாங்கியவருக்கும் வரி வசூலிக்கும் அரசுக்கும் உண்டு.

முதலில் விசைகளைப் பார்ப்போம். பெரும்பாலான விளையாட்டுகளில் முன்னே போக, பக்கவாட்டில் நகர, பின்வாங்க டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நான்கு விசைகள்தான். தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் அதே விசைகள் முறையே ஈ, அ, இ, உ. ஒரு விசையை அழுத்தும்போது கணினிக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன: அந்த விசை பலகையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது ஒன்று, அதிலிருந்து எந்த எழுத்து பிறக்கிறது என்பது மற்றொன்று. இடத்தைப் பார்த்து இயங்கும் விளையாட்டுக்குத் தமிழும் ஒன்றுதான், ஆங்கிலமும் ஒன்றுதான். எழுத்தைப் பார்த்து இயங்குவது ‘ஈ’யைக் கண்டு திகைத்து நின்றுவிடும். ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்பவருக்கு இன்னொரு தொல்லையும் சேர்கிறது. அடுத்த எழுத்து வந்து சேரட்டும் என்று உள்ளீட்டுச் செயலி விசையைப் பிடித்து வைத்துக்கொள்வதால், விளையாட்டுக்கு எதுவுமே போய்ச் சேராமல் போகலாம். இதற்கு மேல், இடப்பக்க ஆல்ட்டும் ஷிப்டும் சேர்ந்தால் விண்டோஸ் மொழியை மாற்றிவிடும். ஓடுவதற்கு ஷிப்டை அழுத்திப் பிடித்திருப்பவன், கை தவறி ஆல்ட்டைத் தொட்டால், நடு ஆட்டத்தில் தன்னை அறியாமலே தமிழுக்குத் தாவிவிடுகிறான். அப்போது கைக்கோளாறு என்று திட்டு வாங்குவதும் அவன்தான்.

மலேசியாவின் சுபாங் ஜெயாவில், எஸ்எஸ்15 வட்டாரத்துச் சைபர் கபேக்களில் இந்தத் தொல்லை அவ்வளவாகத் தலைகாட்டாது. அங்குள்ள கணினிகளில் பெரும்பாலும் தமிழ் உள்ளீட்டை யாரும் சேர்த்து வைப்பதில்லை. வீட்டுக் கணினியின் கதை வேறு. சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளியும் துன் சம்பந்தன் தமிழ்ப்பள்ளியும் இருக்கும் ஊர் இது. பாடக்குறிப்பு எழுதும் ஆசிரியையான அம்மாவும் விளையாடும் பிள்ளையும் ஒரே கணினியைப் பகிரும் வீட்டில் தமிழை நீக்கு என்று சொல்வது, அம்மாவின் வேலையை நிறுத்து என்று சொல்வதற்குச் சமம்.

தொடங்கும்போதே விழுந்துவிடும் விளையாட்டுகளின் கதை இன்னும் ஆழமானது. காரணங்கள் பல இருக்கலாம்: பழைய வரைகலை இயக்கி, விடுபட்ட கோப்பு, தடுத்து நிறுத்தும் நச்சுநிரல் காப்பான். இவற்றை எல்லோரும் சோதிக்கிறார்கள். கண்ணில் படாமல் போவது பயனர் கோப்புறையின் பெயர். விண்டோஸை நிறுவும்போது கணக்குக்குத் தமிழில் பெயர் வைத்தால், கோப்புறையும் அதே பெயரில் உருவாகலாம். பிறகு கணக்கின் பெயரை மாற்றினாலும் கோப்புறையின் பெயர் மாறாது. பழைய முறையில் எழுதப்பட்ட விளையாட்டு அந்தப் பாதையை வாசிக்கும்போது, தமிழ் எழுத்துகள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். சேமித்த ஆட்டத்தைத் தேடிப் போய், இடமே இல்லை என்று முடிவுகட்டி அது மூடிக்கொள்கிறது. இதில் தமிழின் நிலை சீனத்தைவிட மோசம். சீனத்துக்கும் ரஷ்ய மொழிக்கும் விண்டோஸில் பழைய எழுத்துக் குறியீட்டுப் பக்கங்கள் இருந்தன. கணினியின் வட்டார அமைப்பை மாற்றினால் பழைய நிரல்களும் அந்த எழுத்துகளைப் படித்துவிடும். தமிழுக்கு அப்படி வட்டார அமைப்பில் வைக்கக்கூடிய ஒரு பக்கம் விண்டோஸில் இருந்ததே இல்லை. யுனிகோடு ஒன்றே அதன் வழி.

தமிழில் விளையாடுபவர் எத்தனை பேர், அவர்களுக்காக ஒரு நிறுவனம் செலவு செய்யுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது தமிழருக்கான தனிச்சலுகை அன்று. பிரெஞ்சு விசைப்பலகையில் டபிள்யூ இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருக்கிறது. எழுத்தை நம்பும் விளையாட்டு அங்கேயும் விரல்களை முறுக்கும். சீன ஒலிபெயர்ப்பு உள்ளீட்டிலும் விசைகள் இதேபோலப் பிடிபடுகின்றன. செலவும் பெரிதல்ல. விசையின் இடத்தை வாசிக்கும் வசதி எஸ்டிஎல் போன்ற இலவச நிரல் தொகுப்புகளிலேயே இருக்கிறது. தமிழ்99ஐ விண்டோஸ் 10க்குள் கொண்டுவந்த 2019 மே மாதப் புதுப்பிப்புதான், பழைய பாணியில் எழுதிய நிரலும் யுனிகோடு பாதைகளைப் படிக்கும்படி செய்ய ஒரு சிறு அறிவிப்புக் கோப்பு போதும் என்ற நிலையையும் ஏற்படுத்தியது. 1998இல் வெளிவந்த விளையாட்டைக் குறை சொல்வதில் பொருளில்லை. அதற்குப் புதிதாக ஆங்கிலப் பெயரில் ஒரு கணக்கு திறந்துகொள்வதே வழி. 2019க்குப் பிறகு வெளிவந்து காசுக்கு விற்கப்படும் விளையாட்டுக்குப் பழையது என்ற சாக்கு செல்லாது. விளையாட்டே ஆங்கிலத்தில்தானே இருக்கிறது என்ற வாதமும் நிற்காது. கதை எந்த மொழியில் என்பது வேறு, வாங்கியவருடைய கணினியில் அது ஓட வேண்டும் என்பது வேறு.

காசு என்றதும் சட்டம் வந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் இலக்கவியல் சேவைகளுக்கு மலேசியா 2020 ஜனவரி முதல் 6 விழுக்காடும், 2024 மார்ச் முதல் 8 விழுக்காடும் வரி வாங்குகிறது. ஆக, கடை எங்கே இருந்தாலும் கைக்கு எட்டும் என்று அரசே காட்டிவிட்டது. ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி போனது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது அந்நாட்டுப் பயனீட்டாளர் ஆணையம் 2014இல் வழக்குத் தொடுத்தது. நாங்கள் அமெரிக்க நிறுவனம், உங்கள் சட்டம் எங்களைக் கட்டாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கணினி மென்பொருளும் ஒரு பொருளே என்று அந்நாட்டுச் சட்டம் வெளிப்படையாகச் சொல்வது வழக்குக்குத் துணைநின்றது. நம்மிடமும் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2007 திருத்தத்துக்குப் பின் அது இணைய வணிகத்தையும் தழுவுகிறது. 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரலாம். 40 ரிங்கிட் விளையாட்டுக்காக யார் அங்கே ஏறி இறங்குவார் என்பதுதான் கேள்வி. அதனால் தனிமனிதரின் புகாரை நம்பி இருக்காமல், விற்குமுன் சொல்ல வேண்டிய கடமையைப் பயனீட்டாளர் விவகாரங்களைக் கவனிக்கும் அமைச்சு கடைகள் மீது சுமத்த வேண்டும். ஆங்கிலமல்லாத விசைப்பலகையிலும் பெயரிலும் சோதிக்கப்பட்டதா என்ற ஒரு வரி, விளையாட்டின் விற்பனைப் பக்கத்தில் இருந்தால் போதும். உள்நாட்டு விளையாட்டு நிறுவனங்களுக்கு மானியம் தரும் அரசு நிறுவனமான எம்டெக் இதைத் தன் நிபந்தனைகளில் சேர்ப்பது இன்னும் எளிது. தமிழும் சீனமும் பள்ளிமொழிகளாக இருக்கும் நாட்டில் இந்தச் சோதனையைச் செய்ய ஆளும் கணினியும் தேடி அலைய வேண்டியதில்லை.

அதுவரை பயனீட்டாளர் தமிழை நீக்க வேண்டாம். விளையாடுமுன் விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செயலிக்கும் தனி உள்ளீட்டு முறை என்ற அமைப்பையும், ஆல்ட் - ஷிப்ட் குறுக்குவழியை நிறுத்தும் அமைப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்படியும் ஓடவில்லையென்றால் மணிக்கணக்கில் போராட வேண்டாம். ஸ்டீமில் வாங்கி 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஓடியிருந்தால்தான் கேள்வியின்றிப் பணம் திரும்பும். விளையாட்டின் தொடக்கச் சாளரம் திறந்து கிடக்கும் நேரமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். பணத்தைத் திரும்பக் கேளுங்கள், தமிழ் விசைப்பலகையில் இது இயங்கவில்லை என்ற காரணத்தையும் எழுதி அனுப்புங்கள்.