மாதிரி விமானமும் மறைக்கப்பட்ட பாதி வரலாறும்

தேஜஸ் போர் விமானங்கள் நிலைகொண்டுள்ள சூலூர் விமானப்படைத் தளம், முதலமடையின் மாந்தோப்புகளுக்கு நெடுந்தொலைவில் இல்லை. இவ்வெல்லைப்புறத்துப் பள்ளிப் பிள்ளை ஒருவர் தெர்மாகோலை அறுத்து விமானம் செய்ய முனைந்தால், அது வரவேற்கத்தக்க தொடக்கமே. எனினும், போர் விமானத்தின் மாதிரியைச் செய்வோர் எதில் துல்லியம் பேண வேண்டும் என்ற வினா எழுப்பப்படுவதே இல்லை.

இந்திய விமானப்படையின் முதல் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 1932 அக்டோபர் 8 அன்று நிறுவப்பட்ட அப்படையின் முதல் அணி, 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் நான்கு வெஸ்ட்லண்ட் வாபிட்டி விமானங்களுடன் தொடங்கியது. வாபிட்டி என்பது வட அமெரிக்க மான் ஒன்றின் பெயர். ஈரடுக்கு இறக்கைகளும் இரண்டு இருக்கைகளும் கொண்ட அவ்விமானத்தின் இறக்கை வீச்சு 14 மீட்டருக்குச் சற்றே அதிகம். 1:72 அளவில் அது 20 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இறக்கைகளை இணைக்கும் கம்பிகள், வெள்ளி வண்ணம், வட்டச் சின்னம் ஆகியவற்றில் ஆர்வலர்கள் காட்டும் அக்கறை வியப்புக்குரியது.

அவ்விமானம் எதற்காகப் பறந்தது? அன்றைய வடமேற்கு எல்லைப்புறத்தில் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த பழங்குடி மக்களை அடக்குவதற்காக. 1937இல் இந்திய அணியும் மீரான்ஷாவிலிருந்து அப்பணியில் ஈடுபட்டது. ஊர்கள்மீது முதலில் எச்சரிக்கைத் துண்டறிக்கைகளும் பின்னர் குண்டுகளும் வீசப்பட்டன. இதற்கு ஆட்சியாளர்கள் இட்ட பெயர் ‘வான்வழிக் கட்டுப்பாடு’. குண்டு என்ற சொல்லே இல்லாத பெயர் அது. மாதிரியைச் செய்பவரும் அறியாமலேயே அந்த மறைப்பைத் தொடர்கிறார்.

பொழுதுபோக்கின்மீது இத்தனை சுமையை ஏற்றலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் இப்பொழுதுபோக்கு போருக்கு வெளியே என்றும் நின்றதில்லை. 1942இல் அமெரிக்கக் கடற்படை, பகை விமானத்தையும் நட்பு விமானத்தையும் வேறுபடுத்தி அறியும் பயிற்சிக்காக, ஐந்து இலட்சம் மாதிரிகளைச் செய்து தருமாறு பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. அவையும் இதே 1:72 அளவில் அமைந்தவையே.

மாதிரிகளைக் கைவிட வேண்டும் என்பதன்று இங்கு வாதம். ஒரு பொருளைக் கையால் செய்து பார்ப்பதைப்போல் அதை அறியும் வழி வேறில்லை. வாபிட்டியில் பறந்த சுப்ரதோ முகர்ஜி பின்னாளில் விடுதலை பெற்ற இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனார் என்பது பெருமிதத்துக்குரிய செய்தி. அதே விமானங்களின் குண்டுகள் விழுந்த வசீரிஸ்தான் ஊர்களும் அச்செய்தியின் மறுபாதி. பள்ளிக் கண்காட்சியில் மாதிரியின் அருகே வைக்கப்படும் சிறு அட்டையில் நீளமும் வேகமும் மட்டும் இருந்தால் போதாது. யார் ஓட்டினர், எங்கே ஓட்டினர், கீழே இருந்தவர்கள் யாவர் என்ற மூன்று வரிகளும் இடம்பெற வேண்டும். வண்ணத்தில் பிழை பொறுக்காத கண், வரலாற்றில் மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்?