பாரம் ஏற்றியவர் பெயர் எங்கே?

‘அதிக பாரம் ஏற்றி வந்த லாரி பறிமுதல், டிரைவர் மீது வழக்கு.’ மாவட்டச் செய்திப் பக்கத்தில் இப்படி நான்கு வரி அடிக்கடி வருகிறது. டிரைவரின் பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கும். பாரத்தை ஏற்றி அனுப்பிய குவாரியின் பெயர் இருக்காது. அந்த ஊரில் அவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவராக இருப்பார் என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வானூர், திருவக்கரை வட்டாரத்தில் கல் உடைத்தும் லோடு ஏற்றியும் பிழைத்த நம் பெற்றோரின் பிள்ளைகள் இன்று கிளீனராகச் சேர்ந்து, ஹெவி லைசென்ஸ் எடுத்து, ஸ்டியரிங் பிடிக்கிறார்கள். தாட்கோ கடனில் சொந்த வண்டி எடுத்தவர்களும் உண்டு. காலனியில் ஹெவி லைசென்ஸுக்கு உள்ள மதிப்பு சில பட்டங்களுக்குக்கூட இல்லை. அந்த லைசென்ஸ்தான் இப்போது பணயத்தில் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். சட்டம் டன்னில் பேசுகிறது. குவாரி யூனிட்டில் பேசுகிறது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்டோ ஜல்லியோ, யூனிட்டுக்குச் சுமார் நாலரை டன் வரும். கழுவி ஈரம் வடியாத எம்-சாண்ட் என்றால் இன்னும் கூடும். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பாரத்தின் வரம்பை உயர்த்தியது. அதன்படி 6 சக்கர லாரியின் முன் அச்சுக்கு 7 டன், நான்கு டயர் உள்ள பின் அச்சுக்கு 11.5 டன், வண்டியும் சரக்கும் சேர்ந்து 18.5 டன். வெறும் வண்டியே ஏறக்குறைய 7 டன் இருக்கும். மீதி 11.5 டன்னில் இரண்டரை யூனிட்தான் அடங்கும். 3 யூனிட் போட்டாலே 2 டன் கூடுதல். 4 யூனிட் என்றால் ஆறரை டன் கூடுதல். மொத்த எடை சரியாக இருந்தாலும், சரக்கு பின்பக்கம் குவிந்துவிட்டால் பின் அச்சு வரம்பைத் தாண்டிவிடும். பக்கெட்டில் அள்ளிக் கொட்டுபவர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. கேபினில் உட்கார்ந்திருப்பவர் சொன்னாலும் எடுபடுவதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு 2019-இல் திருத்தப்பட்டது. முன்பு 2,000 ரூபாயாக இருந்த அபராதம் 20,000 ஆனது. கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 தனி. மேற்சொன்ன 3 யூனிட் லாரி பிடிபட்டால் 24,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டி நகரவும் கூடாது. அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு போக முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. இதோடு, டிரைவரின் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-இல் உத்தரவிட்டது. முதலாளிக்கு மூன்று மாதத்துக்கு வேறு டிரைவர் கிடைப்பார். டிரைவர் வீட்டில் மூன்று மாதம் அடுப்பு எப்படி எரியும்?

அதே 194-வது பிரிவு ஓட்டுபவரை மட்டும் குற்றவாளியாக்கவில்லை. ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர் எல்லோரையும் சேர்த்தே சொல்கிறது. சட்டத்தில் இருக்கும் அந்த ஆட்கள் வழக்கில் மட்டும் காணாமல் போகிறார்கள். டிரைவர் மறுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் அவர் கூலியை அறியாதவர்கள். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று படி. மகள் சடங்குக்கோ மனைவி பிரசவத்துக்கோ வாங்கிய முன்பணம் கழுத்தில். “முடியாதுன்னா இறங்கு, அடுத்தவன் நிக்கிறான்” என்ற ஒரு வார்த்தை போதும். கூடுதல் பாரத்தில் பிரேக் பிடிக்காமல் ஓர் உயிர் போனால் 106-வது பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. 2024 ஜனவரியில் அந்தப் பிரிவின் பத்தாண்டுத் தண்டனையை எதிர்த்து நாடெங்கும் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அத்தனை விவாதத்திலும் லாரியில் எவ்வளவு பாரம் இருந்தது, ஏற்றியது யார் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

பாரத்தின் மறுபாதியைச் சுமப்பது நம் தெருச்சாலை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிப் பார்த்த சோதனையிலிருந்து பொறியாளர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் சாலையின் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. பாரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே சேதம் இரண்டு மடங்காகிறது. மெல்லிய கிராமச் சாலையில், அதுவும் ஊரைச் சுற்றிக் காலனி வழியாகத் திருப்பிவிடப்படும் குவாரிப் பாதையில் என்ன ஆகும்? மழைக்காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் தெரியும்.

எனவே எடையைப் பார்க்க வேண்டிய இடம் நெடுஞ்சாலை அல்ல, குவாரியின் வாசல். நடைச்சீட்டோடு எடைமேடைச் சீட்டும் இல்லாமல் எந்த லாரியும் வெளியே வரக்கூடாது. மீறினால் முதல் பெயர் குத்தகைதாரருடையதாக இருக்க வேண்டும். குவாரி உரிமத்தொகையை கனமீட்டரிலிருந்து டன்னுக்கு மாற்றியபோது 2025-இல் குவாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டன் கணக்கின் அருமை அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கனரக வாகனங்களைக் குறிப்பிட்ட சாலைகளில் தடுக்க 115-வது பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. அக்டோபர் 2 கிராம சபையில் நம் சாலையின் பெயரைச் சொல்லித் தீர்மானம் கேட்போம். படிக்கிற தம்பி தங்கைகள் 194-வது பிரிவைத் தமிழில் எழுதி வீட்டு டிரைவரின் கையில் கொடுக்கட்டும். லோடு ஏறியதும் எடைச்சீட்டை செல்போனில் படம் பிடித்து வைக்கச் சொல்லட்டும். ஏற்றியவர் யார் என்று வழக்கில் கேட்க அந்தப் படம் வேண்டும்.