வரைபடம் காத்த கோபுரம்

கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்தின் குவிமாடத்தைக் கண்டு வளர்ந்த நம் மாணவர்க்குப் பேராலயம் என்னும் சொல் புதிதன்று. ஆயினும் ஜேர்மனியிற் குடியேறிய உறவினரையும் நண்பரையும் நாடிச் செல்வோர், றைன் நதிக்கரையிலுள்ள கொலோன் நகரத்துப் பேராலயத்தைக் கண்டு மீளும்போது அதன் பெருமையையே ஓயாது பேசுவர். 157 மீற்றர் உயர்ந்த இரட்டைக் கோபுரங்களும், மூவரசரின் திருவெச்சங்களைத் தாங்கியதெனப் போற்றப்படும் பொற்பேழையும் வியப்பிற்குரியனவே. எனினும் அந்நகரம் நமக்குப் புகட்டும் பாடம் கல்லில் இல்லை. ஒரு தோற்சுருளில் உள்ளது என்பது என் துணிபு.

1248ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற அவ்வாலயத்தின் வேலை பதினாறாம் நூற்றாண்டில் நின்றுபோயிற்று. பாதி எழுந்த தென்கோபுரத்தின் மேல் பாரந்தூக்கி ஒன்று நூற்றாண்டுக் கணக்கிற் கேட்பாரற்று நின்றது. முகப்பு எவ்வாறு அமைதல் வேண்டுமென ஆதிச் சிற்பிகள் தோலில் வரைந்த நெடிய வரைபடமோ, பிரெஞ்சுப் படைகள் புகுந்த காலத்துக் குழப்பத்திற் காணாமற் போயிற்று. 1814இல் அதன் ஒரு பாதி டாம்ஸ்ராட் நகரிற் கண்டெடுக்கப்பட்டது. மறு பாதி 1816இற் பாரிஸ் மாநகரில் அகப்பட்டது. இரண்டும் இணைந்தன. 1842இல் வேலை மீண்டும் தொடங்கி 1880இல் நிறைவெய்திற்று. அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டோர் கண்ட கனவைப் பிற்பட்டோர் முடித்து வைக்க வழிகாட்டியது அவ்வரைபடமேயாகும்.

அந்நகரமும் இழப்பை அறியாததன்று. இரண்டாம் உலகப் போரில் அது பெரிதும் பாழாயிற்று. பேராலயம் குண்டுகள் பட்டும் வீழாது நின்றது. 2009 மார்ச் 3ஆம் திகதி, நிலக்கீழ் இருப்புப்பாதை வேலை நடந்த இடத்தருகே இருந்த நகர ஆவணக் காப்பகம் இடிந்து வீழ்ந்தது. மண்ணிற் புதைந்த ஏடுகளில் மிகப் பெரும் பகுதியை அந்நகரத்தார் தோண்டி மீட்டனர். சிதைந்த தாள்களைச் செப்பனிடும் பணியைப் பல்லாண்டுப் பணியென ஏற்றுக்கொண்டனர். கோபுரத்தைக் காப்பது போலவே கிழிந்த தாளையும் காப்பது நாகரிகம் என உணர்ந்தவர்கள் அவர்கள்.

நம் நிலை யாது? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துடன் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. 1983 ஆடியிற் கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பல, வீட்டோடு சான்றிதழ்களையும் புகைப்படங்களையும் இழந்தன. அவை பிறர் செய்த கேடுகள். ஆனால் பழைய மாணவர் மன்ற அறிக்கைகளும், பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல்களும், கல்லூரி மலர்களும் செல்லரித்துப் போவதற்கு யாரை நோவது?

ஆண்டு நிறைவு விழா என்றதும் மண்டபம் எழுப்பும் எண்ணமே நம்மவர் உள்ளத்தில் முந்துகிறது. “வகுப்பறைக்கு மேசை இல்லாதபோது பழந்தாளுக்கு அலுமாரி எதற்கு?” என வினவுவாரும் உளர். வினா நியாயமானதே. மண்டபம் வேண்டாமென யான் கூறேன். ஆனால் மண்டபத்தைப் பணமுள்ள எவரும் எக்காலத்தும் கட்டலாம். முதல் ஆசிரியர் எழுதிய குறிப்பேட்டை எப்பணம் கொண்டும் மீள எழுதவியலாது. ஒரு சிறு அறையும், பூட்டுள்ள இரண்டு அலுமாரிகளும், படி எடுக்கும் பொறியொன்றும், பொறுப்பேற்க ஓர் ஆசிரியரும் போதும்.

கொலோன் வரைபடம் இரு நகரங்களிற் கிடந்தது போன்று, நம் கல்லூரியின் வரலாறும் பல நாடுகளிற் சிதறிக் கிடக்கின்றது. புலம்பெயர்ந்த பழைய மாணவர் பெட்டிகளில், ஒரு வகுப்புப் படமோ, கால்பந்தாட்டக் குழுவின் பெயர்ப்பட்டியலோ, தேர்ச்சி அறிக்கையோ உறங்கக் கூடும். தனித்திருக்கையில் அது வெறும் நினைவு. மற்றவற்றோடு சேருகையில் அது சான்று. மாணவரும் தம் தந்தையர், பாட்டனார் வாய்மொழியைக் கேட்டு எழுதிச் சேர்க்கலாம். தமிழ்ப் பாடத்திற்கு இதனினும் சிறந்த கட்டுரைப் பயிற்சி யாது?

ஆகவே பழைய மாணவர் சங்கத்தை வேண்டுவது இதுவே: நன்கொடை கேட்டு அனுப்பும் மடலில் இன்னும் ஒரு வரி சேர்த்திடுக. பணம் தர இயலாதார் ஒரு பழந்தாளின் படியையேனும் அனுப்புக. நாம் முடிக்காது விடும் பணியை வருவோர் தொடர வேண்டுமாயின், அவர் கையில் வரைபடம் இருத்தல் வேண்டும்.