ஏ.எம்.டி. கார்: எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும்?



கிளட்ச் மிதி இல்லாத ஏ.எம்.டி. கார்களை இப்போது நம்மவர்கள் பலர் வாங்குகிறார்கள். காந்தி மார்க்கெட் நெரிசலிலும் நாகல் நகர் பாலத்திலும் ஊர்ந்து போகிற மூட்டுவலிக்காரர்களுக்கு இது பெரிய உதவிதான். நானும் வாங்கினேன்.

மறுநாள் காலை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். சாவி போடும் முன்பே உள்ளே "கொர்ர்" என்று ஒரு சத்தம். பதறிப் போய்ப் பட்டறைக்குக் கொண்டு போனேன். கியர் பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார்கள். நல்லவேளை, விவரம் தெரிந்த இன்னொருவரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, இது கோளாறு இல்லை, குணம்" என்றார் அவர்.

அவர் சொன்ன விளக்கம் இதுதான். உள்ளே இருப்பது நாம் காலமெல்லாம் ஓட்டிய அதே கியர் பாக்ஸ், அதே கிளட்ச் தட்டு. நமது இடது காலும் இடது கையும் செய்த வேலையை எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஒரு கருவியும், அதற்கு உத்தரவிடும் சிறு கணினியும் செய்கின்றன. 2014-ல் மாருதி செலேரியோவில் இத்தாலியின் மேக்னெட்டி மரெல்லி கருவியோடு வந்த பிறகுதான் இம்முறை நம் நாட்டில் பரவியது. கதவைத் திறந்ததும் கேட்பது, அழுத்தம் ஏற்றும் பம்பின் சத்தம். கியர் விழும்போது "டக்" என்பதும், மாறும்போது வண்டி ஒரு நொடி தயங்கித் தலையாட்டுவதும் இயல்பே. ஆக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் அந்த ஆட்டம் குறையும்.

பயப்பட வேண்டியவை வேறு. ஓடும்போது பம்பு ஓயாமல் திரும்பத் திரும்ப இரைவது, கிளம்பும்போது வண்டி நடுங்குவது, தீய்ந்த வாடை, கியர் விழாமல் நியூட்ரலுக்கே போவது. இவற்றைக் கண்டால் தாமதிக்காமல் காட்டுங்கள். பாட்டரி பலவீனமானாலும் கியர் தகராறு செய்யும்; அதை முதலில் சோதியுங்கள். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டியை ஆக்சிலேட்டரால் நிறுத்திப் பிடிக்காதீர்கள். கிளட்ச் தட்டு எரிந்துவிடும். பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்றை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒருநாள் குடோன் வாசலில் இன்ஜினை அணைக்காமல், லிவர் 'டி'யில் இருக்க, சீட்டு வாங்க இறங்கினேன். "பீப் பீப்" என்று ஒலித்தது. வழக்கமான சத்தம்தானே என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரேக்கிலிருந்து கால் எடுத்ததும் வண்டி தானே நகர்ந்தது. முன்னால் மூட்டையோடு நின்ற லோடுமேன் கத்தியதும் பாய்ந்து கைபிரேக்கை இழுத்தேன். ஒரு முழ தூரம்தான் மிச்சம். பயப்படாத சத்தத்துக்குப் பயந்தேன்; பயப்பட வேண்டியதை அலட்சியம் செய்தேன். கடை வாசலில் ஓடும் வண்டியை விட்டு இறங்குவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். இந்தக் காரில் அது ஆகாது. நியூட்ரல், கைபிரேக், இன்ஜின் நிறுத்தம், பிறகுதான் கதவு.

குற்றம் என்னுடையதுதான். ஆனாலும் கேட்கிறேன்: பல லட்சம் வாங்கிக்கொண்டு சாவி கொடுக்கிறவர்கள், மாலை போட்டுப் படம் எடுக்கும் நேரத்தில் கால் மணி நேரம் இதைத் தமிழில் சொல்லித் தரக்கூடாதா? புது மிளகாய் வற்றல் ஈரம் காக்கும் என்று சொல்லித்தானே நாம் மூட்டையை விற்கிறோம்? சரக்கின் குணத்தைச் சொல்லி விற்பதே வியாபாரம். வாங்குகிற நாமும் கேட்டு வாங்குவோம். நமது சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து உறுப்பினர்களுக்கு விளக்கச் செய்தால், பணமும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்.