விளையாட்டுப் பெட்டியில் இடமில்லையா?

"பெட்டி நிறைந்துவிட்டது, வேறொன்று வாங்கித் தாருங்கள், வாப்பா" என்று தங்கள் பிள்ளை வந்து நிற்பின், பணப்பையைத் திறக்குமுன் சிறிது பொறுங்கள்.

2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5இன் சேமிப்பகம் 825 ஜிகாபைட். இயக்க மென்பொருள் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் எஞ்சுவது சுமார் 667. அதே மாதம் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் சுமார் 802. விலை குறைந்த சீரிஸ் எஸ்ஸிலோ 364தான். சில விளையாட்டுகள் தனித்தனியே நூறு ஜிகாபைட்டை விழுங்குகையில் இது எம்மாத்திரம்!

பிளேஸ்டேஷனுள் எம்.2 சேமிப்பகத்தைப் பொருத்தும் வசதி 2021 செப்டம்பரில் அனைவருக்கும் கிடைத்தது. கடையில் உள்ளதெல்லாம் ஆகாது. நொடிக்கு 5,500 மெகாபைட் வேகம் வேண்டுமென்பது சோனியின் பரிந்துரை. வெப்பந்தணிக்கும் உலோகத் தகடும் அவசியம். மலிவான யுஎஸ்பி வன்தட்டு உதவாதா? உதவும், பரணைப் போல. பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளை அதிலிருந்தே ஆடலாம். 5க்கென உருவானவற்றை அதில் வைத்திருக்கலாம், ஆடுவதற்கு உள்ளே மாற்றியாக வேண்டும். சீரிஸ் எக்ஸுக்கும் எஸ்ஸுக்கும் பின்புறம் செருகும் தனி அட்டை உண்டு. வேலை எளிது, பேரந்தான் அரிது.

திரையின் கதை வேறு. பிளேஸ்டேஷன் 5, சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே படத்தை நொடிக்கு 120 வரை அனுப்ப வல்லவை. கூடத்துத் தொலைக்காட்சி 60 ஹெர்ட்ஸ் எனில் மிகுதி கண்ணுக்கு வாராது. எல்லா விளையாட்டும் 120ஐத் தருவதுமில்லை. ஆகவே புதுப்பெட்டி கேட்கும் பிள்ளையிடம் தொலைக்காட்சியின் கையேட்டைக் கொடுத்து, எச்டிஎம்ஐ 2.1 எந்தத் துளையில் உள்ளதெனத் தேடச் சொல்லுங்கள். பல தொலைக்காட்சிகளில் அது ஒன்றிரண்டு துளைகளுக்கு மட்டுமே உண்டு.