தனிப்பிரிவின் கதவு இவர்களுக்கும் திறக்கட்டும்

சாதி மாறிக் காதலித்த பெண்ணிடமிருந்து முதலில் பிடுங்கப்படுவது செல்போன். அடுத்து வீட்டுக்காவல், கோடங்கி, அவசரக் கல்யாணம். பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் ஊர் இதையேதான் செய்கிறது.

பெற்றோர் அடைத்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணின் வழக்கில், 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அவர் விருப்பப்படி போகலாம் என்றது. குடும்பம் அமையத் திருமணம் மட்டுமே வழியல்ல, தேர்ந்தெடுத்த குடும்பமும் உண்டு என்றது. உதவாத போலீசாரைக் கண்டித்தது.

நல்ல தீர்ப்பு. ஆனால் அவருடைய தோழிக்கு ஆட்கொணர்வு மனு போட வழி தெரிந்திருந்தது. நம் காலனிப் பிள்ளைக்கு? சென்னையில் வானவில் பேரணி நடக்கிறது. இங்கே தன்னைப் போல் இன்னொருவரைக் கண்டுபிடிக்கவே வருஷங்கள் ஆகும். அவர் ஊர்த்தெருக்காரராக இருந்துவிட்டால், இருவரும் டீக்கடையில் சேர்ந்து உட்கார்ந்தாலே சாதிப் பேச்சு கிளம்பும். நம் தெருவைப் பகைக்கவும் முடியாது. நாளை வன்கொடுமை நடந்தால் ஸ்டேஷனுக்குக் கூட வருவது அந்தத் தெருதான். தலித் திருநங்கை கிரேஸ் பானு இரண்டு ஒடுக்குமுறைகளையும் சேர்த்தே பேசிவருகிறார். நம் இயக்கங்கள் தயங்குகின்றன. நானும் தயங்கியிருக்கிறேன்.

சாதி மறுப்புத் தம்பதியரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்க 2016இல் இதே நீதிமன்றம் உத்தரவிட்டது. எஸ்.பி., சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோர் அதில் உண்டு. இந்தப் பிள்ளைகளின் புகாரையும் அந்தப் பிரிவே ஏற்க வேண்டுமென நம் அமைப்புகள் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர் நாள்தானே.